கருப்பு வண்டியின் நெற்றி

எங்கள் மீனாட்சிபுரம் தெருவில் ஆவுடைநாயகம் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. டீக்கடையில் பெஞ்சு காலியாகக் கிடக்கும், மனுசன் நின்றுகொண்டேதான் குடிப்பார். பந்தியில் எல்லாரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டால் இவர் வாசலில் நிற்கும் வண்டிகளை எட்டி எட்டிப் பார்ப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். என் ஸ்கூட்டரில் சாய்ந்து கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனாரென்றால் அதன் கண்ணாடி, விளக்கு எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். அதற்காகவே நான் அவரைப் பேச்சுக்கு இழுப்பதுண்டு.

"தூங்கும்போதும் இவுகளுக்கு வலதுகாலு சும்மா கெடக்காது. பிரேக்க மிதிச்சுக்கிட்டே கெடப்பாவ," என்பாள் அவர் மனைவி சுடலைவடிவு, பீடி சுற்றுகிற கையை நிறுத்தாமல். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் அந்தக் கால் ஏன் பிரேக்கை மிதிக்கிறது என்பது அந்த வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பேருக்கும், பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆவுடைநாயகத்துக்கு வண்டி ஓட்டப் பயம். பாதி ஆயுசு ஸ்டியரிங் பிடித்த மனுசனுக்கு.

வாலிபத்தில் அவர் லாரிக்காரர். ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வருவார். அப்போதெல்லாம் பயமென்றால் என்னவென்றே தெரியாது, பாட்டுப் போட்டுக்கொண்டு பறப்பாராம். ஒருநாள் ரோட்டின் குறுக்கே ஆடு வந்தது. ஆட்டைக் காப்பாற்ற ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரி வயலுக்குள் கவிழ்ந்தது, தார் முழுக்கச் சிதறியது, கிளீனர் பெருமாள்ராஜின் கால் லாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பெருமாள்ராஜ் பிழைத்துவிட்டான். இன்றைக்கும் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். போலீஸ், முதலாளி, பெருமாள்ராஜ் எல்லாருமே "அது ஆடு செஞ்ச வேல" என்று சொல்லிவிட்டார்கள். ஆவுடைநாயகம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு சாவியைத் திருகினாலே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வேறு வேலைக்குப் போய்ப் பார்த்தார். அரிசி மண்டியில் நின்றார், செங்கல் சூளையில் நின்றார். எங்கேயும் மனசு ஒட்டவில்லை. தெரிந்த வேலை ஒன்றுதான், அதைத் தொட்டாலோ நடுக்கம். கடைசியில் சுடலைவடிவுதான் நெல்லையப்பர் கோயில் திருநீற்றை ஒரு காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா நெத்தியில பூசுதோம்லா? வண்டிக்கும் ஒரு நெத்தி இருக்கும்லா? பூசிட்டு எடுங்க, பாப்போம்," என்றாள். ஒரு நண்பரின் காரில், முன்பக்கம், பேனட்டின் நடுவில் மூன்று விரலால் இழுத்தார். எடுத்தார். நடுங்கிய கை வண்ணார்பேட்டை தாண்டியதும் கொஞ்சம் அடங்கியது. அன்றிலிருந்து அவர் திருநீறு பூசாத எந்த வண்டியையும் எடுத்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டை மகாராஜ நகரில் ஜேசுதாசன் வீட்டு வேலை வந்தது. ஜேசுதாசனுக்கு வண்ணார்பேட்டையில் டைல்ஸ் கடை. அவர் மனைவி பாக்கியவதி பள்ளிக்கூட டீச்சர். ஒரே பெண் ரீபா, அப்போது எல்.கே.ஜி. நல்ல குடும்பம், சபைக்கு ஒழுங்காகப் போகிறவர்கள், வாய் அதட்டாதவர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று டீச்சர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்கள். "அண்ணாச்சி, ஒங்க நெத்தியில பூசுங்க, கோயிலுக்குப் போகணும்னா லீவு கேளுங்க, நாங்க ஒன்னும் சொல்ல மாட்டோம். வண்டியில மட்டும் எலுமிச்சம்பழம், திருநீறு ஒன்னும் வேண்டாம், என்ன?"

"சரி டீச்சர்," என்றார் ஆவுடைநாயகம். மனதார அப்படித்தான் சொன்னார். மறுநாள் காலை கார் ஷெட்டில் நின்ற வண்டிப் பக்கம் போனார், சாவியைப் பிடித்த கை ஆடியது, பையிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டார்.

ஆள் வெளியே வருமுன் பூசுவது, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பது, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்துவிடுவது. இதுதான் அன்றாடம். நல்ல வேளையாக அது வெள்ளை வண்டி. வெள்ளையில் திருநீறு கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தாலும் எவன் கண்டான்? ரீபாவை ஸ்கூலுக்குக் கொண்டுவிட்டார், டியூஷனுக்கு, பாட்டு கிளாசுக்கு, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு. ரோட்டில் சைக்கிள் போனால்கூட ஹாரன் அடித்து, பிரேக் பிடித்து, பைய ஓரம் ஒதுங்கித்தான் போவார். பின்னால் வருகிற ஆட்டோக்காரன் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு போவான். அதெல்லாம் அவர் காதில் ஏறாது.

ரீபா காலேஜ் போன வருஷம் ஜேசுதாசன் வண்டியை மாற்றினார். புது வண்டி கருப்பு. வீட்டில் எல்லாரும் கேக் வெட்டித் தின்றார்கள். ஆவுடைநாயகத்துக்கு மட்டும் அந்தக் கேக் தொண்டையில் இறங்கவில்லை. கருப்பில் ஒரு பொட்டுத் தூசி விழுந்தாலும் தெருமுனையிலிருந்தே தெரியும். அதனால் இன்னும் அழுத்தித் துடைத்தார். எவ்வளவு சுத்தமாகத் துடைக்கிறோமோ அவ்வளவு பத்திரம் என்று நினைத்தார், பாவம்.

போன வருஷம் ரீபாவுக்கு நாகர்கோவில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச்சில். பெண் போக ஒரு பெரிய வெள்ளை வண்டியை வாடகைக்கு எடுக்கலாமே என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். ஜேசுதாசன் ஒத்துக்கொள்ளவில்லை. "எம்பிள்ள எங்க வண்டியிலதான் போவா. நம்ம ஆவுடைதான் ஓட்டுவாரு," என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்று ஆவுடைநாயகம் எங்கள் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். "எல்.கே.ஜி.யிலேருந்து நாந்தான கூட்டிட்டுப் போவுதேன். இதுக்கும் நாந்தான். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கத் தொடலேன்னாலும் சரிதாம்வே," என்றார். அந்த மனுசன் வாழ்க்கையில் இது வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

அடுத்த வாரம் ஜேசுதாசன் சொன்னார்: "வண்டிய பாலிஷ் போட்டு மெழுகு பூசிருவோம்வே. பேனட்டு நடுவுல கொஞ்சம் மங்கலா இருக்கு பாரும். வெயில்ல நின்னு நின்னு அப்படி ஆயிட்டு."

ஆவுடைநாயகம் பேனட்டுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் வண்டியை வெயில் சாய்கிற பக்கம் நிறுத்தி, குனிந்து, முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். பேனட்டின் நடுவில் மூன்று பட்டை. கருப்புக்குள்ளே சாம்பல் பூத்த மாதிரி, விரல் அகலத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக. இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து அழித்ததாக நினைத்தது அத்தனையும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பல் விளக்குகிற பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். இன்னும் வெளுத்தது. கடைசியில் தேங்காயெண்ணெய் தடவினார். அதில் பட்டை மறைந்துவிட்டது. நிம்மதியாகத் தூங்கப் போனார், காலையில் வந்து பார்த்தால் மகாராஜ நகர்த் தூசி முழுக்க அதில் ஒட்டியிருந்தது.

மேலப்பாளையம் தாண்டி பைபாஸ் ஓரத்தில் இர்ஷாத்தின் பாலிஷ் கடை. தகரக் கொட்டகை, உள்ளே வரிசையாக வெள்ளை விளக்கு. இர்ஷாத் சின்ன வயசுக்காரன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. பேனட்டில் விரலை வைத்தான், மோந்து பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டவா கூட்டியாந்திருக்கிய?"

ஆவுடைநாயகம் கொட்டகைக்கு வெளியே போனார், உள்ளே வந்தார். எதிரே டீக்கடையில் ஒரு டீ, திரும்ப வந்து ஒரு பார்வை, மறுபடி ஒரு டீ. இர்ஷாத் நுரை போட்டு அலசினான், பிசைந்த களிமண் கட்டியால் உருட்டி உருட்டி ஒட்டின தூசியை எடுத்தான், ஓரங்களுக்கு டேப் ஒட்டினான். அப்புறம் கையில் ஒரு விளக்கை எடுத்து, பேனட்டின் மேல் சாய்த்துப் பிடித்தான். அப்படியே நின்றுவிட்டான். மூன்று விரலை விரித்து அந்தப் பட்டைகளின் மேல் வைத்துப் பார்த்தான். விரல் கச்சிதமாகப் பொருந்தியது.

"அண்ணாச்சி, இது பட்டைல்லா?"

"ஆமா."

"ஜேசுதாசன் சாரு வண்டியிலயா!" இர்ஷாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். "பித்தள வெளக்கு துலக்குத சாம்பலப் போட்டுக் கருப்பு பெயிண்ட தெனமும் தேச்சா என்ன ஆவும்?"

"சாம்பல்னு சொல்லாத. திருநீறு."

"சரி அண்ணாச்சி. திருநீறு. பெயிண்டுக்கு அது தெரியாதுல்லா."

ஆவுடைநாயகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரு வாறதுக்குள்ள இத எடுத்துரு தம்பி. சனிக்கிழம பாப்பா கல்யாணத்துக்கு நான் வண்டி ஓட்டணும்."

இர்ஷாத் நல்ல பையன். வேறு ஒன்றும் கேட்காமல் மெஷினை எடுத்தான். மருந்தைத் தடவி, சுற்றுகிற பஞ்சை வைத்து, அவசரப்படாமல் மேலும் கீழுமாக ஓட்டினான். துடைத்தான், விளக்கைச் சாய்த்தான். பட்டை பாதியாகக் குறைந்திருந்தது. மறுபடி ஓட்டினான். கருப்பு ஆழமாகத் திரண்டு வந்தது. கொட்டகை விளக்கெல்லாம் அதில் வரிசையாகத் தெரிந்தது, ஆவுடைநாயகத்தின் முகமும் தெரிந்தது. ஆனாலும் விளக்கைச் சாய்த்தால் மூன்று கோடு மெல்லிசாகக் கிடந்தது.

"இன்னும் ஒரு தடவ ஓட்டு."

"முடியாது அண்ணாச்சி. இந்த எடத்துல பெயிண்டே பாதிதான் இருக்கு. இதுக்கு மேல ஓட்டுனா கருப்பு போயி அடிப்பூச்சு பல்லக் காட்டிரும். மெழுகு போடுதேன். நேரா பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. வெயிலு சாஞ்சாத்தான் தெரியும்."

"ஓட்டுங்கேன்லா!"

அவர் சத்தம் போட்டதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டதாக இர்ஷாத் பிறகு சொன்னான். அந்தச் சத்தத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது இருவருக்கும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு ஜேசுதாசன் உள்ளே வந்தார்.

வந்தவர் வண்டிக் கதவில் தன் முகம் தெரிவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். சுற்றி வந்தார். பேனட்டின் மேல் அந்த விளக்கு எரிந்துகொண்டே கிடந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இது என்னது?"

"போர் தண்ணி சார்," என்றான் இர்ஷாத் சட்டென்று. "உப்புக் கறை."

"உப்புத்தண்ணி மூணு கோடு போடுமாவே? அதுவும் அளந்து போட்டாப்புல?"

இர்ஷாத் தலையைக் குனிந்துகொண்டான். அவனைப் பொய் சொல்லவைத்துவிட்டோமே என்று ஆவுடைநாயகத்துக்கு அவமானமாகப் போயிற்று. "நாந்தான் சார். தெனமும் காலைல பூசுவேன். டீச்சர்ட்ட சரின்னு சொன்னேன், மறுநாளே பூசிட்டேன்."

ஜேசுதாசன் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் கேட்டது வேறு. "உம்ம நெத்தியில பூசக்கூடாதுன்னு நாங்க எப்பமாவது சொன்னமாவே?"

"இல்ல சார்."

"பின்ன வண்டியில எதுக்கு? எங்களுக்கு ஒளிச்சு?"

"பயம் சார்."

"எங்களப் பாத்தா?"

"இல்ல சார். வண்டி ஓட்ட."

ஜேசுதாசன் அங்கே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆவுடைநாயகம் எல்லாவற்றையும் சொன்னார். ஆடு, லாரி, பெருமாள்ராஜின் கால், சாவியைத் திருகினால் ஆடுகிற கை. சொல்லச் சொல்ல ஜேசுதாசனின் முகம் வெளிறியது.

"இத்தன வருசமாவா? ரீபாவக் கொண்டு விடும்போதெல்லாமா?"

"பாப்பா ஏறுனா ரொம்ப சார்."

ஜேசுதாசன் பத்திரிகைக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எழுந்தார். "சனிக்கிழம ஜெய்சன் ஓட்டட்டும். நீரு வாரும், முன்னால நில்லும், நல்லா சாப்பிடும். அதுவரைக்கும் வீட்டுல இரும். ரெஸ்ட் எடும்," என்றார். ஜெய்சன் அவர் அண்ணன் மகன், பெங்களூரில் வேலை.

ஆவுடைநாயகத்துக்கு ரெஸ்டாம்! அதைவிட ஒரு தண்டனையை யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வாரம் எங்கள் தெருவில் துடைக்காத வண்டி கிடையாது. தண்ணீர் லாரியைக்கூட மறித்துக் கண்ணாடி துடைத்தார். சோறு இறங்கவில்லை. ராத்திரி எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "வேலைய விட்டு நிப்பாட்டலைலா, அதுவே போதும்," என்று சுடலைவடிவு தேற்றினாள். "வேல கெடக்கட்டும்ட்டி," என்றார். அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நான் பார்த்தேன். எனக்கு ஜேசுதாசன் மேல் கோபமான கோபம். பிறகு யோசித்தால், என் மகள் ஏறுகிற வண்டியாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. கோபம் மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நேரே டீச்சரிடம் போய், மன்னிப்புக் கேட்டு, இனி வண்டியில் பூசமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்த முறை காகிதத்தை எடுத்துப் போகவே இல்லை. தவிர, மெழுகு போட்ட மேல் தூசிகூடப் படக்கூடாது என்று இர்ஷாத்தும் சொல்லி அனுப்பியிருந்தான்.

வாசலில் வண்டி ரோஜாவும் வெள்ளை ரிப்பனுமாக நின்றது. தெருவில் போகிற ஆளெல்லாம் அதில் முகம் பார்த்துக்கொண்டு போனார்கள். பூக்காரன் பேனட்டில் டேப் ஒட்டியிருந்தான். ஆவுடைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை, நகத்தால் பைய உரித்தெடுத்து நூலால் கட்டினார். ஜெய்சன் கோட்டுப் போட்டுக்கொண்டு, சாவியை விரலில் சுற்றியபடி கதவில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கோட்டு பட்டன் உரசும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"ஓகே அங்கிள், கூல். அஞ்சு நிமிஷத்துல கொண்டு எறக்கிருவேன், பாருங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் பின்கதவுப் பிடியை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.

ரீபா வெள்ளைப் பட்டும் முக்காடுமாகப் படியிறங்கி வந்தாள். டிரைவர் சீட்டில் ஜெய்சன் ஏறுவதைப் பார்த்து நின்றாள்.

"ஆவுடை மாமா எங்க?"

"அவருக்கு உடம்பு சரியில்லம்மா," என்றார் ஜேசுதாசன். அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், அது நன்றாகவே தெரிந்தது.

ரீபா திரும்பினாள். ஆவுடைநாயகம் புதுச் சட்டையில், கையில் துணியோடு, பின்கதவுப் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறைக்க ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. "பாப்பா, எனக்கு வண்டி ஓட்டப் பயம். அப்பாட்ட சொல்லிட்டேன்," என்றார்.

"அதான் எனக்குத் தெரியுமே," என்றாள் ரீபா. "எதுக்கால லாரி வந்தா மூச்ச நிறுத்திருவிய. அது போனப்புறந்தான் விடுவிய. பின்னால உக்காந்து நானும் உங்களோட சேந்து நிறுத்துவேன், வெளாட்டுக்கு." ஜெய்சன் பக்கம் குனிந்தாள். "டேய், எறங்கு."

ஜெய்சன் சித்தப்பாவைப் பார்த்தான். ஜேசுதாசன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பின்சீட்டில் ஏறி மகளுக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்கள். ஜேசுதாசன் ஜெய்சன் கையிலிருந்து சாவியை வாங்கி ஆவுடைநாயகத்திடம் நீட்டினார்.

சீட்டில் உட்கார்ந்ததும் கை ஆட ஆரம்பித்துவிட்டது. முன்னால் பேனட் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாகக் கிடந்தது. மூன்று விரல் தானாகச் சட்டைப் பைக்குப் போய், ஒன்றுமில்லாமல் திரும்பியது. பக்கத்தில் ஜேசுதாசன் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபம் பண்ணாமல் அந்த வீட்டு வண்டி நகராது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஜேசுதாசன் வழக்கம்போல ஆரம்பித்தார். "எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். இந்தப் பயணத்தை ஆசீர்வதியும். இந்த வண்டியை ஓட்டுகிற எங்கள் ஆவுடைநாயகத்தை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்." அங்கே அவர் குரல் நின்றுவிட்டது. டீச்சர் கண்ணைத் திறக்கப் போகும் அளவுக்கு நேரமாயிற்று. பிறகு உடைந்த குரலில் சொன்னார்: "அவருக்குள்ள இருக்கிற பயத்தை எடுத்துப்போடாதேயும் ஆண்டவரே. அந்தப் பயத்திலதான் எம்பிள்ளை இத்தனை வருஷம் பத்திரமா வீடு வந்து சேர்ந்திருக்கா. ஆமென்."

இதை எனக்கு ஆவுடைநாயகம் என் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நின்றுகொண்டுதான்.

"அப்புறம் சர்ச்சு வரைக்கும் கை நடுங்குச்சா அண்ணாச்சி?"

"நடுங்காமயா?" என்றார். "ஜெபமே அதுக்குத்தானவே."